ஒருவர் கிறிஸ்தவராவது எப்படி?

வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் மாதாவை வணங்கிவிட்டு வருகிற இந்துக்கள் ஏராளம். கழுத்தில் சிலுவை போட்டுக்கொள்வோரும் உண்டு. இவர்கள் யாரையும் திருச்சபை கிறிஸ்தவர் என்று கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு விசுவாசம் வேண்டும், ஞானஸ்நானம் வேண்டும், அதற்கேற்ற வாழ்க்கையும் வேண்டும்.

விசுவாசம்

இயேசு கடவுளின் மகன்; மனிதரின் பாவங்களுக்காகச் சிலுவையில் இறந்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று நம்புவதே அடிப்படை. அந்த நம்பிக்கையோடு பழைய பாவ வழியை விட்டுத் திரும்புவதை மனந்திரும்புதல் என்கிறார்கள். புண்ணியம் சேர்த்து இரட்சிப்பை வாங்க முடியாது. அது கடவுள் தரும் கிருபை என்பது கிறிஸ்தவப் போதனை.

ஞானஸ்நானம்

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் தரப்படுவது இது. கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே முறைதான். கத்தோலிக்கத் திருச்சபையிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் கைக்குழந்தைக்கும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். குழந்தைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுப்பார்கள். வளர்ந்தபின் அந்தப் பிள்ளை உறுதிபூசுதல் அல்லது திடப்படுத்தல் ஆராதனையில் அந்த வாக்கைத் தன்னுடையதாக ஏற்கும். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளோ தானே விசுவாசித்து அறிக்கையிடுகிறவருக்கு மட்டும் தொட்டியிலோ ஆற்றிலோ முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன.

பெரியவர் ஒருவர் கத்தோலிக்கராக விரும்பினால் கேட்ட மறுநாளே திருமுழுக்குக் கிடைத்துவிடாது. பல மாதம் மறைக்கல்வி பயில வேண்டும். வழக்கமாக ஈஸ்டருக்கு முந்திய இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் சேர்த்தே பெறுவார். இது பழைய முறைதான். புனித அகுஸ்தீன் 386-இல் மனம் திரும்பினார்; மறு ஆண்டு ஈஸ்டரின்போதுதான் மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்.

வாழ்க்கை

விசுவாசத்துக்கேற்ற வாழ்க்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்டன், டச்சுத் தளபதி டிலனாய் வழியாக இயேசுவை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பின் சாதி பாராமல் எல்லோருடனும் பழகினார். கைதாகிக் கொடுமைகளை அனுபவித்து, 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பெயரும் சட்டமும்

ஞானஸ்நானம் பெறுகிறவர் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சட்டத்தில் வரும் மாற்றம் வேறு. பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். ஆகவே அப்பிரிவைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதியினருக்கான இட ஒதுக்கீட்டை இழப்பார்; தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பழங்குடியினருக்கு இந்தச் சமய நிபந்தனை இல்லை.

கல்யாணத்துக்காகவோ உதவிக்காகவோ, யாரோ வற்புறுத்தினார்கள் என்பதற்காகவோ பெறுவதல்ல ஞானஸ்நானம். விசாரித்துப் படித்து, இயேசுவைப் பின்பற்ற உங்கள் மனம் உண்மையாகவே விரும்பினால் மட்டும் அதைக் கேளுங்கள்.