நாய்க் காசு

“நாய் விற்ற காசு குரைக்குமா?” என்று நம் பாட்டிமார் கேட்பதுண்டு. எந்த வழியில் வந்தாலும் காசு காசுதான் என்பது அதன் தாத்பரியம். ஆனால், நாயின் முகத்தையே முத்திரையாகப் பொறித்துக்கொண்டு ஒரு காசு உலகத்தில் உலாவ வரும் என்று அந்தப் பாட்டிமார் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு காசு இன்று இருக்கிறது. டோஜ்காயின் என்பது அதன் பெயர். அதைத் தோண்டி எடுக்கப் புறப்பட்ட ஒரு நண்பரின் கதையையும், அதன் மூலம் நாம் கற்ற பாடத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

பிட்காயினைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஸதோஷி நகமோட்டோ என்ற புனைபெயர் பூண்ட யாரோ 2009-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அதைத் தொடங்கி வைத்தார். அதற்குப் பின் தம்பிமார் பலர் பிறந்தார்கள். 2011 அக்டோபரில் சார்லி லீ என்பவர் லைட்காயினை வெளியிட்டார். 2013 டிசம்பரில், அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்திலிருந்த பில்லி மார்க்கஸும், ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரிலிருந்த ஜாக்ஸன் பாமரும் சேர்ந்து, இந்த நாணய மோகத்தைக் கேலி செய்வதற்கென்றே ஒரு நாணயத்தை உண்டாக்கினார்கள். ஜப்பானிய ஷிபா இனு நாய் ஒன்றின் படம் அதற்கு முத்திரையாயிற்று. கேலிக்காகப் பிறந்த பிள்ளை அண்ணன்மாரோடு போட்டியிடும் என்று பெற்றவர்களே எதிர்பார்க்கவில்லை.

பெட்டி அரைத்த மாவு

கோயமுத்தூரில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. மோட்டார் பம்ப் தொழிலில் இருப்பவர். எந்த யந்திரத்தைக் கண்டாலும் கழற்றி மாட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. 2014-ஆம் வருஷத் தொடக்கத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்து மூலையில் ஒரு கம்ப்யூட்டர், மூடி கழன்று, மூன்று விசிறிகள் சுழல, இரைந்துகொண்டிருந்தது. அந்த அறையில் மட்டும் சித்திரை மாத வெயில்!

“நீங்களாவது கேளுங்கள், அண்ணா. மாவு மிஷின் வைத்திருந்தால் மாவாவது மிஞ்சும். இந்தப் பெட்டி ராப்பகலாய் எதை அரைக்கிறது?” என்று நண்பரின் மனைவியார் நம்மிடம் முறையிட்டார்.

அது எண்களை அரைத்துக்கொண்டிருந்தது. விஷயம் இதுதான்: இந்த நாணயங்களுக்கு ரிஸர்வ் பாங்கு கிடையாது, கணக்குப் புஸ்தகம் ஒன்றுதான் உண்டு. அதன் பிரதி உலகெங்கும் பல கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. பிட்காயினில் சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையும், டோஜ்காயினில் ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவையும், அந்தப் புஸ்தகத்தில் ஒரு புதிய ஏடு சேர்கிறது. ஏட்டுக்கு முத்திரை வைக்கும் உரிமை யாருக்கு என்பதற்கு ஒரு பந்தயம். ஏட்டோடு ஓர் எண்ணைச் சேர்த்து, குறிப்பிட்ட கணித முறையில் அரைத்தால், வரும் விடை ஓர் எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கக் குறுக்கு வழி கிடையாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். முதலில் கண்டுபிடித்தவருக்குப் புதிய காசுகள் பரிசு. இதற்குத்தான் சுரங்கம் தோண்டுதல் என்று பெயர். தோண்டுவோர் பெருகினால் எல்லை இன்னும் இறுகும். ஆகையால் ஆள் கூடினாலும் காசு கூடாது.

தனியாகத் தோண்டுகிறவனுக்குப் பரிசு விழுவது அபூர்வம். எனவே பலர் சேர்ந்து தோண்டி, கிடைத்ததை உழைப்புக்குத் தக்கபடி பங்கிட்டுக்கொள்வார்கள். நண்பரும் அப்படி ஒரு கூட்டத்தில் சேர்ந்திருந்தார். அக்காலத்தில் ஓர் ஏட்டுக்குப் பரிசு லட்சக்கணக்கில் இருந்தது. நண்பரின் பங்காகத் தினந்தோறும் சில ஆயிரம் நாய்க் காசுகள் வந்து விழுந்தன. ஆனால் ஆயிரம் காசு சேர்ந்தாலும் ஒன்றிரண்டு டாலருக்கு மேல் தேறாது.

செலவு என்ன? பெட்டி 500 வாட் மின்சாரம் இழுத்தது. நாள் முழுதும் ஓடினால் 12 யூனிட். இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறுவது நம் நாட்டு வழக்கம். வரவு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. செலவோ மீட்டரைப் பொறுத்தது. இந்த வித்தியாசத்தை நண்பரின் மனைவியார் முதல் பில்லிலேயே கண்டுகொண்டார்.

பனியில் ஓடிய இந்தியர்

வெறும் வீண் வேலை என்று இதைத் தள்ளிவிடவும் நமக்கு மனமில்லை. 2014 பிப்ரவரியில் ருஷ்யாவின் ஸோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்துக்குத் தகுதி பெற்ற ஜமெய்க்கா வீரர்களுக்குப் பயணச் செலவுக்குப் பணமில்லை. நாய்க் காசு வைத்திருந்தவர்கள் ஒன்றுகூடிச் சுமார் 30,000 டாலர் பெறுமான காசுகளைத் திரட்டினார்கள். அதே சூட்டில், ஹிமாசலப் பிரதேசத்து மணாலியைச் சேர்ந்த நம் பனிச்சறுக்கு வீரர் சிவ கேசவனுக்கும் நிதி சேர்த்தார்கள். இந்திய ஒலிம்பிக் சங்கம் அப்போது தடைக்கு உட்பட்டிருந்ததால், தேசியக் கொடியைத் தாங்கி ஓடும் பாக்கியம்கூட அவருக்குப் பந்தயத்தின்போது கிட்டவில்லை. அந்த வீரருக்கு முகம் தெரியாத அன்னியர் பலர் உதவினார்கள் என்பதை நினைக்கும்போது நமக்கு மகிழ்ச்சியும் உண்டாகிறது. கொஞ்சம் வெட்கமும் உண்டாகிறது.

பிறர் பெட்டியில் வைத்த பணம்

தோண்டிய காசை ரூபாயாக்க வேண்டுமானால் நாணயச் சந்தைக்குப் போக வேண்டும். இங்கேதான் அபாயம் காத்திருக்கிறது. இந்தக் காசுக்கு உடையவர் யார் என்பதை ஒரு ரகசியச் சாவி தீர்மானிக்கிறது. நீளமான ஓர் எண்தான் அந்தச் சாவி. அது நம் கையில் இருக்கும் வரையில் காசு நம்முடையது. சந்தையில் போட்டு வைத்தால் சாவி சந்தைக்காரரிடம். நம்மிடம் இருப்பது அவருடைய வாக்கு மட்டுமே.

அமெரிக்காவில் ப்ளோரிடாவிலிருந்த க்ரிப்ட்ஸி என்ற சந்தையைச் சிறு நாணயப் பிரியர்கள் பெரிதும் நம்பியிருந்தார்கள். 2016 ஜனவரியில் அது கதவை மூடியது. சுமார் 13,000 பிட்காயினும் 3,00,000 லைட்காயினும் 2014 ஜூலையிலேயே களவு போய்விட்டன என்று அப்போதுதான் அறிவித்தது. ஒன்றரை வருஷம் காலிப் பெட்டியைக் காவல் காத்துக்கொண்டே வியாபாரம் நடந்திருக்கிறது!

நம் நண்பர் வைத்திருந்தது வேறொரு வெளிநாட்டுச் சந்தையில். அதுவும் ஒரு நாள் சொல்லாமல் மறைந்தது. அவருடைய இரண்டு லட்சம் நாய்க் காசுகளும் அதோடு போயின. அன்றைய மதிப்புக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். அவர் அதிகம் வருந்தவில்லை. வருத்தம் 2021 மே மாதத்தில் வந்தது. அப்போது ஒரு நாய்க் காசு சுமார் 73 அமெரிக்க ஸெண்டு வரை ஏறிற்று. கணக்குப் போட்டால் ஒரு கோடி ரூபாய்க்கு மேல்! நண்பருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

“கையில் இருந்திருந்தாலும் விலை இரண்டு மடங்கானபோதே விற்றுத் தீர்த்திருப்பீர்கள். வராத கோடிக்கு ஏன் அழ வேண்டும்?” என்றார் மனைவியார். அந்த அம்மாள் சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது! நாணயத்தைப் படைத்த மார்க்கஸே 2015-இல் வேலை இழந்தபோது தம் காசுகளையெல்லாம் விற்றுவிட்டார். பழைய ஹோண்டா கார் ஒன்று வாங்கும் அளவுக்குத்தான் பணம் கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இன்றைய நிலை

கூடத்து மூலையில் தோண்டும் காலம் பெரும்பாலும் மலையேறிவிட்டது. இதற்கென்றே செய்த தனி யந்திரங்கள் வந்து, வீட்டுக் கம்ப்யூட்டர்களை ஓரங்கட்டின. வீட்டுச் சுரங்கக்காரர்களின் கடைசிப் புகலிடமாயிருந்த ஈதீரியமும் 2022 ஸெப்டம்பரில் தோண்டும் முறையையே கைவிட்டது.

நம் நாட்டில் இவற்றுக்குச் சட்டப்படி பணம் என்ற அந்தஸ்து கிடையாது. வரி மட்டும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் நூற்றுக்கு 30 வரி. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. தோண்டும் யந்திரத்துக்குச் செய்த செலவையும் கழிக்க இடமில்லை.

ஆகையால் குடும்பஸ்தர்களுக்கு நாம் சொல்வது இதுதான். போட்டோ எடுப்பதைப் போல, ரேடியோ கட்டுவதைப் போல, இதையும் ஒரு பொழுதுபோக்காகக் கருதி, போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய சிறு தொகையைச் செலவிட்டால் பாதகமில்லை. கணிதமும் யந்திர ஞானமும் மிச்சம். பெண்ணின் கல்யாணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் வைத்திருக்கும் பணத்தை இதன் கிட்டேகூடக் கொண்டு போகாதீர்கள். கிடைத்த காசின் சாவியைப் பிறரிடம் விட்டு வைக்காதீர்கள்.

சென்ற மாதம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அதே பெட்டியில் அவர் மகள் காலேஜ் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். விசிறிச் சத்தமே இல்லை. நாம் விசாரித்தோம். நண்பர் பதில் சொல்லுமுன் மனைவியார் முந்திக்கொண்டார்: “நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள், அண்ணா. இந்த நாய்க் காசோ ரீடிங் எடுக்கிறவர் வாசலுக்கு வரும்போதெல்லாம் குரைத்தது. அதனால்தான் நிறுத்திவிட்டோம்!”