மேற்கோள் என்னும் கடன்

ஆய்வுக் கட்டுரை வரையும் மாணாக்கர் பலருடைய எழுத்துகளைப் பார்வையிடும் பணி எனக்கு ஆண்டுதோறும் வாய்க்கின்றது. அவற்றுள் மேற்கோளுக்குக் குறைவில்லை. பக்கந்தோறும் தொல்காப்பியரும் வள்ளுவரும் வந்து நிற்பர். ஆயின், எவ்வியல், எவர் உரை, எவர் பதிப்பு என்று வினவினால் விடை கிடைப்பது அரிது. மேற்கோளை அணிகலனாகக் கருதுவதால் வந்த குறை இது. மேற்கோள் அணிகலன் அன்று, கடன். கடன் பெற்றவன் எவரிடம் எவ்வளவு பெற்றான் என்று கணக்குக் காட்டுதல் வேண்டும்.

பிறர் கருத்தை எடுத்தாளும் நெறி மேனாட்டார் வந்தே நமக்குக் கற்பித்தனர் என்பாரும் உளர். அது பொருந்தாது. நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழு என வகுத்த பவணந்தி முனிவர், பிறர் கொள்கைக்கு உடன்படுதலையும், அதனை மறுத்தலையும், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலையும் அவற்றுள் வைத்தார். மாற்றார் கொள்கையை உள்ளவாறு எடுத்துரைத்த பின்னரே மறுக்கலாம் என்னும் நேர்மை இதனுள் அடங்கியுள்ளது. இன்று சிலர் ஒருவருடைய வாக்கியத்தில் பாதியை வெட்டியெடுத்து, அப்பாதியை மறுத்து வெற்றி கொண்டாடுகின்றனர். அது களைதல் ஆகாது, கரவு ஆகும்.

நம் உரையாசிரியர்கள் மேற்கோளால் தமிழுக்குச் செய்த உதவி பெரிது. காக்கைபாடினியம், அவிநயம் ஆகிய பழைய யாப்பு நூல்கள் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. யாப்பருங்கல விருத்தியுரைகாரர் பெயர் சுட்டி எடுத்துக்காட்டிய சூத்திரங்கள் இல்லையேல், அந்நூல்களின் இயல்பை நாம் அறிதல் அரிதாகும். நூல் அழிந்தும் மேற்கோள் அழியவில்லை.

எனினும், உரையாசிரியர் எல்லோரும் எவ்விடத்தும் நூற்பெயர் கூறினாரல்லர். ‘என்றார் பிறரும்’ என்று அமைந்த இடங்கள் பல. கேட்போர் நூல்களை மனனஞ் செய்திருந்த காலத்தில் அது போதும். ஏடு மறைந்து மனனமும் தளர்ந்த காலத்தில் அதுவே பேரிடராயிற்று. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் பெயர் சுட்டாது காட்டிய மேற்கோள்களின் இருப்பிடம் தேடி ஏடு ஏடாகப் புரட்டினார். அத்தேட்டமே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. நமக்கு நற்பயன் விளைந்தது உண்மை; ஆயினும், நூற்பெயர் ஒன்று குறித்திருந்தால் அத்துணை உழைப்பு வேண்டியிராது.

அவ்வாறு தேடியும் இடம் அகப்படாத மேற்கோள்களை ஐயரவர்கள் மறைத்தாரல்லர். ‘விளங்கா மேற்கோள் அகராதி’ எனத் தனியே தொகுத்துத் தம் பதிப்பில் சேர்த்தார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் தமக்கு ஏடு உதவியோரைப் பதிப்புரையில் நன்றியோடு குறித்தார். இவ்விருவரும் நமக்குக் காட்டிய நெறி ஒன்றே: பெற்றதைச் சொல்; கிட்டாததையும் சொல்.

இனி மாணாக்கர் கைக்கொள்ளத் தக்கவற்றைச் சுருங்கக் கூறுவேன்.

பிறர் சொல்லை அவ்வண்ணமே எடுத்தால் மேற்கோட் குறிக்குள் இடுக, ஓரெழுத்தும் மாற்றற்க. இடையில் விட்டால் புள்ளியிட்டுக் காட்டுக. கருத்தை மட்டும் எடுத்துத் தம் மொழியில் எழுதினும் கருத்துக்கு உரியவர் பெயரை விடற்க. சொல்லை மாற்றினால் கடன் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் பலர், தீராது.

ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம் என்பவற்றைத் தருக. பழைய நூலாயின் பக்க எண் மட்டும் போதாது. பதிப்புக்குப் பதிப்பு அது மாறும். செய்யுள் எண் தருக. அதிலும் விழிப்பு வேண்டும். தொல்காப்பியச் சூத்திரங்களை இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் சிலவிடங்களில் வேறு வேறாகப் பிரித்தனர். ஆதலின் சூத்திர எண்ணும் வேறுபடும். திருக்குறளிலும் மணக்குடவர் கொண்ட வரிசை வேறு, பரிமேலழகர் கொண்ட வரிசை வேறு. எவர் உரையைத் தழுவிய எண் என்று கூறாவிடின், படிப்போன் வேறொரு வாயிலில் நின்று தட்டுவான்.

யான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இது. ஓர் ஆராய்ச்சியாளர் நூலிலே கண்ட பழம்பாட்டை, மூலநூலைத் தாமே கண்டது போல் காட்டுதல் பொய். இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது என்று எழுதுக, அதில் இழிவில்லை. அவர் எண்ணைப் பிழையாக அச்சிட்டிருந்தால், மூலத்தை நோக்காது பெயர்த்தெழுதிய பத்துப் பேரும் அப்பிழையையே எழுதுவர். பதினொராமவன் அதனை முடிந்த முடிபென நம்புவான். இன்று கைத்தொலைபேசி வழியாக வள்ளுவர் வாக்கென்றும் பாரதியார் வாக்கென்றும் உலவுவனவற்றைத் தொகுப்பிற் பார்த்தாலன்றி நம்பற்க.

கட்டுரையின் அடிக்குறிப்புப் புலமையைப் பறைசாற்றும் இடம் அன்று. எழுதியவன் சென்ற வழியே படிப்பவனும் சென்று, அவன் கூறியது மெய்யோ என்று தானே கண்டு தெளிவதற்கு இட்ட வழிக்குறி அது. வழிக்குறி பிழைத்தால் பின்வருவோர் அனைவரும் வழி தவறுவர்.