மும்முனை மின்சாரமும் சமப் பகிர்வும்

மின்விளக்கு, மின்விசிறி, வெந்நீர்க் கொதிகலன் முதலிய வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் ஒருமுனை மின்சாரத்தில் இயங்குபவை. அவற்றின் மொத்த மின்பளு மிகும்போது, கட்டடத்திற்கு மும்முனை இணைப்பு பெறப்படுகிறது. அதற்குரிய மின்பகிர்வுப் பெட்டியின் திறனை எவ்வாறு கணக்கிடுவது?

ஒரு மாணவர் விடுதியின் மின்பளு 18 கிலோவாட் எனக் கொள்வோம். ஒவ்வொரு முனைக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையேயான மின்னழுத்தம் 230 வோல்ட். திறன்காரணி 1 எனின், முனைக்கு 6 கிலோவாட்டாகப் பகிரும்போது ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 26 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். 32 ஆம்பியர் மின்சுற்று முறிப்பான் அதனைத் தாங்கும். அதே பளுவை 10, 5, 3 கிலோவாட் எனப் பகிர்ந்தால், முதல் முனையில் 43 ஆம்பியருக்கு மேல் பாயும். முறிப்பான் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எனவே, பெட்டியின் திறனை முடிவு செய்வது மூன்றின் சராசரியன்று. மிகுதியான பளுவைச் சுமக்கும் முனையே ஆகும்.

பளு சமமாயின், மூன்று மின்னோட்டங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் பொதுவான நடுநிலைக் கம்பியில் மின்னோட்டம் பெரும்பாலும் இராது. பளு சமமற்றிருக்கையில் அக்கம்பி அறுந்தால், பளு குறைந்த முனையில் மின்னழுத்தம் உயர்ந்து கருவிகள் கருகும். தீ விபத்தும் நேரலாம். ஆதலால் நடுநிலைக் கம்பியில் உருகி அமைத்தல் கூடாது.