டைனோசருக்கும் எலும்புப் புற்று வந்தது, தெரியுமா?

1989-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஒரு டைனோசரின் கீழ்க்கால் எலும்பைத் தோண்டி எடுத்தார்கள். ஒரு முனை வீங்கி, கோணலாக இருந்தது. ‘முறிந்து ஒட்டிய எலும்பு’ என்று சொல்லி எடுத்து வைத்துவிட்டார்கள். வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது. பிறகு ரேடியாலஜிஸ்ட்டும் எலும்பு டாக்டரும் திசு நிபுணரும் கூடி உட்கார்ந்து, வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்குச் செய்வதுபோல அதற்கும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள்! மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். அதே எலும்பில் புற்று வந்த ஒரு மனிதக் காலோடு ஒப்பிட்டார்கள். முடிவு: ஆஸ்டியோசார்கோமா. இன்றைக்குப் பதின்வயதுப் பிள்ளைகளைத் தாக்கும் அதே எலும்புப் புற்று, ஏறத்தாழ 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சென்ட்ரோசாரஸ் என்ற கொம்பு டைனோசருக்கு! 2020-இல் இந்தச் செய்தி லான்செட் ஆன்காலஜி இதழில் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் ஜெர்மனியில் கிடைத்த 24 கோடி ஆண்டுப் பழைய ஆமை மூதாதை ஒன்றின் தொடை எலும்பிலும் எலும்புப் புற்றைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

சரி, படத்தைப் பார்த்து ‘இது கட்டி’ என்று எப்படிச் சொல்கிறார்கள்? ரேடியாலஜிஸ்ட் படத்தைத் தொடும் முன்பே கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘வயசு என்ன?’ ஜோசியர் கேட்பதுபோல இருக்கிறதல்லவா! ஆனால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. எலும்பை அரிக்கும் ஒரே மாதிரி ஓட்டை பதினைந்து வயதுப் பையனிடம் இருந்தால் ஆஸ்டியோசார்கோமாவும் யூயிங் கட்டி என்ற இன்னோர் எலும்புப் புற்றும் மனதில் ஓடும். நாற்பதைத் தாண்டியவரிடம் இருந்தால், வேறு உறுப்பின் புற்று எலும்புக்குப் பரவியிருக்கிறதா, எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவா என்று தேடுவார்கள். அடுத்த கேள்வி, எந்த இடம்? ஆஸ்டியோசார்கோமாவில் பாதிக்கும் மேல் முழங்காலை ஒட்டியே வருகிறது. பிள்ளைகள் விறுவிறுவென்று உயரும் வயதில் கால் எலும்பு அதிகமாக வளர்வதும் அங்கேதான்.

அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்த அதிசயம். எக்ஸ்ரே அசையாத படம். ஆனால் அதில் வேகம் தெரியும்! கட்டி மெதுவாக வளர்ந்தால் எலும்புக்கு அவகாசம் கிடைக்கிறது. சுற்றிலும் வெள்ளையாக ஒரு மதில் கட்டிக்கொள்கிறது. அந்த ஓரத்தைக் கூரான பென்சிலால் வரைய முடிந்தால் பெரும்பாலும் சாது. பென்சில் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறினால், அங்கே எலும்பு மதில் கட்ட நேரமில்லாமல் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்கள் அதை அந்துப்பூச்சி அரித்த துணி என்கின்றன. நமக்குச் செல்லரித்த ஓலை என்றால் சட்டென்று புரியும். (சீழ் பிடித்த எலும்பும் இப்படியே அவசரமாக அரிக்கப்பட்டு ஆளை ஏமாற்றும். அதனால்தான் கடைசித் தீர்ப்பு திசுப் பரிசோதனைக்கு.)

எலும்புக்கு மேலே ஒரு மெல்லிய உறை உண்டு. கட்டி உள்ளேயிருந்து அதை நெம்பித் தூக்கும்போது உறை சும்மா இருக்காது. புதிதாக ஓர் எலும்பு அடுக்கு போடும். மறுபடி தூக்கினால் இன்னொரு அடுக்கு. படத்தில் பார்த்தால் அச்சு அசலாக வெங்காயம்! அடுக்கு போடக்கூட நேரம் தராத கட்டி என்றால் எலும்பு ஊசி ஊசியாக வெளியே சிதறி, உதிக்கிற சூரியன் மாதிரி நிற்கும். உறை கிழிந்த ஓரத்தில் மட்டும் எலும்பு முளைத்தால் ஒரு சின்ன முக்கோணம். அதற்குப் பெயர் காட்மன் முக்கோணம்.

அந்தக் காட்மன் யார் தெரியுமா? பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன். ‘ஆபரேஷன் செய்த நோயாளி அப்புறம் என்ன ஆனார் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கணக்கு வைக்க வேண்டும்’ என்று விடாப்பிடியாக நின்ற மனிதர். சக மருத்துவர்களுக்குக் கசக்காமல் இருக்குமா? 1915-இல் ஒரு கூட்டத்தில், மணலுக்குள் தலையைப் புதைத்தபடி பொன் முட்டைகளை உதைத்துத் தள்ளும் நெருப்புக்கோழியாகப் பணக்கார நோயாளிகளை வரைந்த கேலிச்சித்திரத்தைத் திறந்து காட்டினார், பதவி போயிற்று. அதே மனிதர்தான் 1920-இல் நாடு முழுவதிலுமிருந்து எலும்புப் புற்று நோயாளிகளின் எக்ஸ்ரேக்களையும் திசுக்களையும் சேகரித்து ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், அந்த முக்கோணத்தை அவருக்கு முன்பே ஜெர்மனியின் ரிப்பெர்ட் என்பவர் சொல்லிவிட்டார்! பெயர் மட்டும் காட்மனுக்கு. 1940-இல் இறந்தவரின் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வந்தது 2014-இல்.

முதுகெலும்பில் ஆந்தை இருக்கிறது, தெரியுமா? நேராக எடுத்த எக்ஸ்ரேயில் ஒவ்வொரு முள்ளெலும்பும் இரண்டு வட்டக் கண்ணும் ஒரு மூக்குமாக ஆந்தை முகம்தான். அதில் ஒரு கண் காணாமல் போயிருந்தால், ஆந்தை கண்ணடிக்கிறது என்பார்கள். பெரும்பாலும் எங்கிருந்தோ பரவிய புற்று அந்த இடத்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். கண்ணடிப்பில் இவ்வளவு கெட்ட செய்தி வேறெங்கும் இருக்காது. இதிலும் ஒரு சிக்கல்: எலும்பின் தாதுச் சத்து 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன் எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்துவிடும். அப்படியானால் எக்ஸ்ரே எதற்கு? கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சொல்ல எம்.ஆர்.ஐ.யை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது என்ன கட்டி என்று கேட்டால், இன்றைக்கும் முதலில் பேசுவது 1895-இல் ராண்ட்கன் கண்டுபிடித்த அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான்.

குழந்தையின் மேல்கை எலும்பில் நீர்க்கட்டி இருந்து, விழுந்து எலும்பு முறிந்தால், சில சமயம் உடைந்த சில்லு நீருக்குள் மூழ்கி அடியில் போய் உட்காரும். கிணற்றில் விழுந்த கல்! அந்தச் சில்லைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தண்ணீர் என்று தெரிந்துவிடும். ஊசி குத்திப் பார்க்கவே வேண்டாம்.

ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கட்டி இருக்கிறது, ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. புற்று அல்ல. ராத்திரியானால் தூங்கவிடாமல் வலிக்கும். ஆஸ்பிரின் போட்டால் அடங்கிப்போகும்! இந்தக் கதையைக் கேட்டதுமே டாக்டர் சி.டி.க்கு எழுதிவிடுவார், அதில் எலும்புக்குள் ஒளிந்திருக்கும் சின்னக் கரும்புள்ளி மாட்டிக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் எக்ஸ்ரே பார்ப்பது இந்த ஐந்தாறு வருடக் கதை என்று நினைக்கிறீர்களா? 1963-லேயே அமெரிக்காவின் மிசௌரியில் க்வில்லிம் லாட்விக் என்பவர், வயதையும் இடத்தையும் படத்தில் தெரிந்த குறிகளையும் எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, எந்த எலும்புக் கட்டி என்று கணக்குப் போட வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார்.

கடைசியாக ஒன்று. கிரிக்கெட்டில் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்த பையனின் எக்ஸ்ரேயில், எலும்பின் ஓரத்தில் வெள்ளைக் கரை கட்டிய ஒரு கருப்புக் குமிழ் தெரிகிறது. அம்மாவுக்கு உயிரே போய்விடும். டாக்டரோ மிகச் சாதாரணமாக ஃபிலிமை உறைக்குள் போடுகிறார். எலும்பாகாத நார்க்கட்டி. பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குக்கூட இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இருந்ததே தெரியாது. வளர வளர எலும்பு நிரம்பித் தானே மறைந்துவிடும். ரேடியாலஜிஸ்ட்டுகள் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘தொடாதே’ கட்டி. பையனின் முழங்கால் வீக்கத்துக்கு ஐஸ் வைக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.