பழைய மினி பிசி-க்கு எஸ்எஸ்டி, ரேம் போடலாமா? செலவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவிட்டால் கண்ணுக்கே தெரியாத குட்டிப் பெட்டி. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி, ஆப்பிள் மேக் மினி என்று பெயர்கள் பல. அலுவலகங்கள் கழித்துவிட்ட இந்த மினி பிசி-க்கள், ‘ரீஃபர்பிஷ்டு’ என்ற பெயரில் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் கடைகளிலும் கிடைக்கின்றன. பல வீடுகளில் ஒர்க் ஃப்ரம் ஹோம், பிள்ளைகளின் படிப்பு எல்லாமே இதில்தான் ஓடுகிறது.

பிரச்சினை ஒன்றுதான். ஆன் பண்ணிவிட்டு டீ போட்டுக் குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘புதுசு வாங்கிடலாமா, இல்ல ரேம் மட்டும் போட்டா போதுமா?’ என்று யோசிப்பவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் சில விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் நோயைக் கண்டுபிடிங்க

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போங்கள். வழக்கமாக நீங்கள் பயன்படுத்தும் பிரவுசர், எக்செல், வீடியோ மீட்டிங் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு கவனியுங்கள்.

மெமரியில் பாதி காலியாக இருந்தும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், சிக்கல் டிஸ்க்கில். மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் போதவில்லை. ரேம் நிரம்பினால், இடமில்லாத தகவலை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி வைக்கும். அப்போது டிஸ்க்கும் சேர்ந்து திணறும். இரண்டும் சும்மா இருக்க, சிபியு மட்டும் எந்நேரமும் 100 சதவீதம் ஓடினால், எஸ்எஸ்டி, ரேம் மாற்றி பெரிய பலன் இருக்காது.

அதே திரையில் டிஸ்க் ஹெச்டிடியா எஸ்எஸ்டியா என்பதும், ரேம் ஸ்லாட் எத்தனை, எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். பெட்டியைத் திறக்காமலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஹெச்டிடி இருந்தால், முதல் செலவு எஸ்எஸ்டிக்கு

ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும் தட்டு. அதன் மேல் ஒரு முனை அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் இடங்களிலிருந்து ஹெச்டிடியால் நொடிக்குச் சுமார் நூறு முறைதான் எடுத்துத் தர முடியும். நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, அதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்யும். ஹெச்டிடியை மாற்றியவுடன் ‘புது மெஷின் மாதிரி இருக்கே’ என்று சொல்ல வைப்பது இதுதான்.

எந்த எஸ்எஸ்டி? இரண்டு வடிவங்கள் உண்டு. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் அளவில் இருக்கும் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, நொடிக்குச் சுமார் 550 எம்பி வரை படிக்கும். சூயிங் கம் பட்டை போல இருக்கும் எம்.2 வகையில், மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 எம்பி வரை போகும். எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் விற்கிறார்கள். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் ஸ்லாட் ஏற்காவிட்டால் வேலை செய்யாது. உங்கள் மாடல் எதை ஏற்கும் என்று தயாரிப்பாளர் தளத்தில் உள்ள மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆப்டிபிளெக்ஸ் 3050 மைக்ரோ, திங்க்சென்டர் எம்710க்யூ போன்ற மாடல்களில் எம்.2, 2.5 இன்ச் இரண்டுக்கும் இடம் உண்டு. ரீஃபர்பிஷ்டு வாங்குபவர்கள் இங்கே ஒன்றைக் கேட்க வேண்டும்: 2.5 இன்ச் டிஸ்க்கைப் பொருத்தும் சட்டமும் அதன் கேபிளும் உள்ளே இருக்கிறதா? பழைய டிஸ்க்கைக் கழற்றும்போது இவையும் காணாமல் போவது சகஜம். தனியாகத் தேடினால் அலைச்சல்தான்.

ரேம்: எவ்வளவு, எந்த வகை?

மினி பிசி-க்களில் பெரும்பாலும் லேப்டாப் ரேம்தான் போடுவார்கள். பெரிய டெஸ்க்டாப் ரேம் இதில் பொருந்தாது. டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. பள்ளம் இருக்கும் இடமும் வேறு என்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது.

பிரவுசர், ஆஃபீஸ் வேலை, வீடியோ மீட்டிங் என்றால் 8 ஜிபி ஓரளவு ஓடும். நிறைய டேப் திறந்து வைப்பவர்களுக்கும் கோடிங் செய்பவர்களுக்கும் 16 ஜிபி நிம்மதி. ஸ்லாட் இரண்டு இருந்தால், ஒரே 16 ஜிபி-யை விட இரண்டு 8 ஜிபி நல்லது. சிபியு இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகவல் எடுக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இந்தப் பெட்டிகளில் திரை வேலைக்கும் இதே ரேம்தான் என்பதால் வித்தியாசம் தெரியும்.

தேவைக்கு மேல் வாங்காதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியில் மெமரி சிப் விலை உலகம் முழுக்க எகிறியது. ‘க்ரூஷியல்’ பிராண்டில் ரேம், எஸ்எஸ்டி விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த நுகர்வோர் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

மேக் மினி வைத்திருப்பவர்களுக்கு

இங்கே எந்த ஆண்டு மாடல் என்பதுதான் எல்லாம்.

• 2012 மாடல்: அடி மூடியைத் திருகினாலே திறக்கும். டிடிஆர்3 ரேம் 16 ஜிபி வரை போடலாம். 2.5 இன்ச் டிஸ்க்கையும் மாற்றலாம்.

• 2014 மாடல்: ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. வாங்கியபோது என்ன இருந்ததோ அதுதான். டிஸ்க்கை மட்டும் மாற்றலாம்.

• 2018 மாடல்: அப்படியே தலைகீழ். ரேமை 64 ஜிபி வரை ஏற்றலாம், உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியை மாற்ற முடியாது. இடம் போதாவிட்டால் தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி-யில் வெளி எஸ்எஸ்டி மாட்டலாம்.

• 2020 எம்1 மாடல்: ரேம், சிப்புடன் சேர்ந்தே வருகிறது. கூட்ட வழியில்லை.

இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?

வேகம் மட்டும் போதாது, பாதுகாப்பு அப்டேட்டும் வர வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேரும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் தரப்பட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிபியு வேண்டும்.

அதனால் ஐ5-8500டி உள்ள பெட்டிக்குச் செலவு செய்தால், அதிகாரபூர்வமாகவே விண்டோஸ் 11-க்கு மாறலாம். ஐ5-7500டி என்றால் அந்த வழி இல்லை. அதில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் போட்டுப் பயன்படுத்தத் தயார் என்றால் மட்டும் செலவு செய்யுங்கள். ‘ஐ5 சார், சூப்பர் ஸ்பீடு’ என்று கடைக்காரர் சொல்வதோடு நிற்காமல், அடுத்து வரும் எண்ணையும் கேளுங்கள்.

திறப்பதற்கு முன்

மாற்றும்போது வீணாகக் கூடிய மிக விலை உயர்ந்த பொருள், உங்கள் ஃபைல்கள். போட்டோ, சான்றிதழ், அலுவலக ஃபைல் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் ரெக்கவரி கீ கையில் இருக்க வேண்டும். அலுவலகம் கொடுத்த கம்ப்யூட்டர் என்றால் ஐ.டி. பிரிவைக் கேட்காமல் திறக்கவே வேண்டாம்.

பிறகு ஷட்டவுன் செய்து, பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்துங்கள். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டால் உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ரேமைச் சாய்வாகச் செருகி, ‘க்ளிக்’ சத்தம் வரும் வரை கீழே அழுத்த வேண்டும். மூடுவதற்கு முன் ஃபேனில் இருக்கும் தூசியையும் தட்டிவிடுங்கள்.

கழற்றிய ஹெச்டிடியை உடனே விற்காதீர்கள். யுஎஸ்பி உறையில் போட்டு ஒரு மாதம் வைத்திருங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு முழுமையாக அழித்துவிட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால்: ஹெச்டிடி இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, அப்புறம் ரேம். இரண்டுக்கும் ஆகும் செலவு, அதைவிடப் புதிய தலைமுறை ரீஃபர்பிஷ்டு பெட்டியின் விலையை நெருங்கினால், அந்தப் பெட்டியையே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.