சிக்னல் ஃபுல்... வேகம் நில்!



எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் மிக்ஸி முதல் செல்போன் வரை எது மக்கர் பண்ணினாலும் தீர்ப்பு சொல்வது என் வேலை. "எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார் அப்பா. அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்த கதையோடு, ஒரு தொழில்நுட்ப விஷயத்தையும் சொல்கிறேன்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். முன்னறையில் வைஃபை ரவுட்டர். 40 மெகாபிட் திட்டம். தங்கச்சி பிளஸ் டூ. பின்னறையில் உட்கார்ந்து வீடியோ பாடம் பார்ப்பாள். அங்கே சிக்னல் நூல் மாதிரிதான் வரும். "ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கினா சரியாயிடும்ப்பா" என்று அடித்துச் சொன்னேன். ஓவர்டைம் காசு 1,400 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். பின்னறையிலேயே மாட்டினேன். செல்போனில் சிக்னல் ஃபுல்! ஆனால் வீடியோ மட்டும் சுத்திக்கிட்டே இருந்தது.

"அண்ணே, முன்னாடி சிக்னல் இல்லாம நின்னுச்சு. இப்போ ஃபுல் சிக்னலோட நிக்குது" என்றாள் தங்கச்சி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ரொம்ப உறுத்தியது.

ஏன் இப்படி?

பொதுக்கூட்டத்தில் வடநாட்டுத் தலைவர் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் ஒரு வரி பேசுவார், நிறுத்துவார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வார். ஒரு மணி நேரப் பேச்சு இரண்டு மணி நேரம் ஆகும். எக்ஸ்டெண்டரும் அந்த மொழிபெயர்ப்பாளர்தான்! அது வேகத்தை உண்டாக்காது. ரவுட்டர் சொல்வதைக் கேட்டு, திருப்பிச் சொல்லும்.

விலை குறைந்த எக்ஸ்டெண்டரில் ரேடியோ ஒன்றுதான், சேனலும் ஒன்றுதான். ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் அதனால் முடியாது. வைஃபைக்கான 802.11 தரம் முதலில் வந்தது 1997-இல். அன்று உச்ச வேகம் 2 மெகாபிட். இன்று வேகம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் "முதலில் கேள், காற்று காலியாக இருந்தால் பேசு" என்ற அடிப்படை விதி அப்படியே இருக்கிறது. ஆகவே ஒரே தகவல் காற்றில் இரண்டு முறை போகிறது. நேரம் இரட்டிப்பு, வேகம் பாதி.

நமக்குத் தெரிந்த கணக்குதான்

இரண்டு ரெசிஸ்டரைப் பேரலலாக இணைத்தால் என்ன செய்வோம்? பெருக்கி வருவதைக் கூட்டி வருவதால் வகுப்போம். இங்கேயும் அதே ஃபார்முலா! ரவுட்டரிலிருந்து எக்ஸ்டெண்டருக்கு 40, அங்கிருந்து செல்போனுக்கு 40 என்றால், கிடைப்பது 20. விடை எப்போதும் சின்ன எண்ணை விடச் சின்னதாகத்தான் இருக்கும்.

எக்ஸ்டெண்டர் இருந்த இடத்தில், அதை அணைத்துவிட்டு, செல்போனை வைத்து அளந்தேன். ரவுட்டரிலிருந்து அங்கே வருவதே 3 மெகாபிட்தான். 3-ஐயும் 40-ஐயும் போட்டுப் பாருங்கள்: 2.8! தலைவர் பேசுவதே மொழிபெயர்ப்பாளர் காதில் சரியாக விழவில்லை. அவர் மைக்கில் கத்தி என்ன பிரயோஜனம்? செல்போனில் தெரியும் ஃபுல் சிக்னல், மொழிபெயர்ப்பாளரின் மைக் சத்தம் மட்டுமே. அட்டைப்பெட்டியில் போட்டிருந்த 300 மெகாபிட்டும் ரேடியோவின் உச்ச அளவுதான்; கைக்கு வரும் வேகம் அல்ல.

என்ன செய்தேன்?

முதலில் இடத்தை மாற்றினேன். நடு அறையில், இரும்பு பீரோவின் மறைவு இல்லாத பக்கமாகப் பார்த்து அளந்தேன், 25 கிடைத்தது. எக்ஸ்டெண்டரை அங்கே மாட்டியதும் பின்னறையில் 13 வந்தது. பாடம் ஓட அது தாராளம்.

அடுத்து, ரவுட்டரிலிருந்து பின்னறை வரை 15 மீட்டர் லேன் கேபிள் இழுத்து, எக்ஸ்டெண்டரை அதில் சொருகி, ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போட்டேன். வேகம் 36! முதல் பாதிப் பயணம் கம்பியில் போய்விடுவதால், காற்றில் ஒரு தடவைதான் பேச்சு.

கேபிள் இழுக்க வழியில்லாதவர்கள் இரண்டு பேண்ட் உள்ள எக்ஸ்டெண்டர் வாங்கலாம். ரவுட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸிலும் செல்போனோடு 2.4 கிகாஹெர்ட்ஸிலும் பேசும். பாதி நஷ்டம் பெரும்பாலும் தப்பும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும்போது அதிகம் தளர்ந்துவிடும். அதனால் அதற்கும் இடம் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

"அப்போ அந்த டப்பா வேஸ்ட் இல்லையேப்பா?" என்று கேட்டார் அப்பா.

"டப்பா நல்லதுதாம்ப்பா. அளந்து பார்க்காம மாட்டினது என் தப்பு" என்றேன். சிரித்துக்கொண்டே, "அதையும் படிச்சுட்டேல்ல" என்றார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் நம் பேச்சை நம்பித்தான் காசை எடுக்கிறார்கள். லேபில் மீட்டர் வைக்காமல் ரீடிங் எழுதினால் சார் விடுவாரா? வீட்டிலும் அப்படியே. முதலில் அளப்போம்; பிறகு தீர்ப்பு சொல்வோம்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை