‘இவ்ளோ மழை பேஞ்சும் போர்ல தண்ணி ஏறலையே, ஏன்?’ - காட்டு மண் சொல்லும் கணக்கு

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பெரம்பலூர், அரியலூர் விவசாயிகளிடம் எழும் கேள்வி இது: “ஏரி ரொம்பிடுச்சு. ஆனா போர்ல ஏன் தண்ணி ஏறல?” அடுத்து சின்ன வெங்காயம் போடலாமா, புது போர் போட கடன் வாங்கலாமா என்பதெல்லாம் இதற்கான பதிலைப் பொறுத்தது. ஏரித் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் போன தண்ணீர்? அதை ஒரு காட்டில் பல வருஷமாக அளந்திருக்கிறார்கள்.

எங்கே?

கர்நாடகாவின் பந்திப்பூர் காட்டுக்குள் உள்ள முலேஹோளே. சுமார் 4 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியை, 2003 முதல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பிரான்ஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து கண்காணிக்கிறார்கள். இதன் ஓடை கபினி வழியாகக் காவிரிக்கு வருகிறது. அரியலூரின் தெற்கு எல்லையில் ஓடும் கொள்ளிடமும் அதே காவிரியின் கிளைதான்.

ஈரத்தை எப்படி அளப்பது?

மண்ணில் செருகிய உலோகக் கம்பிகள் வழியே மின் துடிப்பை அனுப்புவது ஒரு முறை. ஈரம் கூடினால் துடிப்பின் வேகம் குறையும். அந்த நேர வித்தியாசம்தான் ஈரத்தின் அளவைச் சொல்கிறது. 2015-ல் நாசா அனுப்பிய ‘ஸ்மாப்’ செயற்கைக்கோளும் மண் ஈரத்தை அளக்கிறது. ஆனால் அது பார்ப்பது மேல்மண்ணில் 5 செ.மீ. வரைதான். ஆழத்தில் நடப்பதை அறிய மண்ணுக்குள் இறங்கித்தான் அளக்க வேண்டும்.

கணக்கு என்ன?

முலேஹோளேயில் 5 ஆண்டுகள் எடுத்த அளவுகளை வைத்து ஒரு கணினி மாதிரி உருவாக்கி, 32 ஆண்டு வானிலைத் தரவுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான முடிவு இது:

* ஆண்டு சராசரி மழை: 1,090 மி.மீ.
* மரங்கள், மண் வழியாகக் காற்றுக்கே திரும்புவது: சுமார் 900 மி.மீ.
* ஓடையில் போவது: 100 மி.மீ.
* நிலத்தடி நீராக நகர்வது: 80 மி.மீ.

அந்த 900-ல் சுமார் 100 மி.மீ. தண்ணீரை, பாறை சிதைந்து உருவான ஆழ் அடுக்கிலிருந்து மர வேர்கள் உறிஞ்சுகின்றன. அப்படிக் காய்ந்த அடுக்கு முதலில் நனைய வேண்டும். பிறகுதான் தண்ணீர் கீழே இறங்கும். அதனால்தான் ஒரே காட்டில்கூட ஒவ்வொரு கண்காணிப்புக் கிணறும் வெவ்வேறு நேரத்தில் ஏறியது. ஈரமான காலமும் வறண்ட காலமும் சுமார் 14 ஆண்டு சுழற்சியில் மாறி மாறி வந்ததும் தெரிந்தது. இரண்டு வருஷம் மட்டும் அளந்திருந்தால் தப்பான முடிவுதான் கிடைத்திருக்கும்.

நம்ம ஊருக்கு என்ன?

பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு, பெரம்பலூர், அரியலூர் வழியாகக் கொள்ளிடத்தில் சேர்கிறது. முலேஹோளே எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. மண், பாறை, மழைக்காலம் எல்லாமே வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான்: இந்த வருஷ மழை இந்த வருஷமே போருக்கு வந்து சேரும் என்று உறுதியில்லை. ஒரு நல்ல மழையை மட்டும் நம்பி கடன் வாங்குவதற்கு முன், நம்ம கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை, சில வருஷங்களுக்குக் குறித்து வைத்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு கயிறும் ஒரு நோட்டும் போதும்.